ஒரே சுற்று

அந்தச் சக்கரம் சுற்றும்போது டிக்டிக்கென்று ஒரு சத்தம் வரும். பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். நிற்கப்போகும் நேரத்தில் சத்தம் மெதுவாகி, முள் ஒவ்வொரு பெயரையும் இழுத்து இழுத்துக் கடக்கும். ஒரு பெயரில் நின்றதும் திரை முழுக்கக் கலர்க் காகிதம் கொட்டும், பலர் சேர்ந்து கைதட்டும் ஓசை கேட்கும். கணக்குத் தெரியாமல் போர்டு முன்னால் நின்று திருதிருவென்று முழிக்கப்போகிற பையனுக்கும் முதலில் கைதட்டல்தான். இதைச் செய்துவைத்த புண்ணியவான் ஒருநாளும் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்திருக்க மாட்டார்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், மேடம். ஆரம்பம் இந்தச் சக்கரம்தான். தலைமையாசிரியர் உங்களிடம் கொடுத்திருக்கும் விளக்கத்தில் இதை ஒரே வரியில் முடித்துவிட்டார். என்னிடமும் ஒரு கையெழுத்து வாங்கினால் உங்கள் விசாரணை முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் கணக்கு வாத்தியார். விடையை மட்டும் எழுதிவைத்தால் மதிப்பெண் போட மாட்டேன், வழிமுறையும் வேண்டும் என்பேன். அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் அன்பரசன். விருதுநகரில் வீடு. தினமும் பைக்கில் ஆமத்தூரைத் தாண்டி வந்து இந்தப் பள்ளியில் ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் கணக்கு எடுக்கிறேன். இங்கே படிக்கிற பிள்ளைகளின் வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் பட்டாசுக் கம்பெனிக்கோ தீப்பெட்டிக் கம்பெனிக்கோ போகிறவர்கள். காலையில் வேன் வந்து ஹாரன் அடித்தால் ஊர் பாதி காலியாகிவிடும். மீதிப் பாதி எங்களிடம் வரும்.

போன வருடம், இந்தப் பிள்ளைகள் ஒன்பதாவதுக்கு வந்த புதிதில், சோணைமுத்து என்று ஒருவர் என்னைத் தேடி வந்தார். லோடுமேன் சங்கத்தில் செல்வாக்கான ஆள். பின்னால் நாலைந்து பேர் வந்தார்கள். மைதானத்தில் நின்றுகொண்டு, மாடி வரை கேட்கும் குரலில் பேசினார்.

"ஏன் சார், கிளாஸ்ல அம்புட்டுப் பிள்ளைக இருக்கையில எம் பயலத்தான் தெனமும் எந்திரிக்கச் சொல்வீகளோ? எங்க தெருப் பிள்ளைகன்னா ஒங்களுக்கு எளக்காரமாப் போச்சா?"

அவர் பையன் சூர்யபிரகாஷுக்குக் கணக்கு சுத்தமாக வராது. வராதவனைக் கேட்டால்தானே வரும் என்று நினைத்து எழுப்பினேன். அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? எல்லா ஜன்னலிலும் பிள்ளைகளின் முகம். தலைமையாசிரியர் கீழே இறங்கி வந்து, சார் தெரியாமல் செய்துவிட்டார் என்று எனக்காக மன்னிப்புக் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் தெரு பார்க்கிறவன் இல்லை. அந்தக் குரலை இன்னொரு முறை கேட்கக் கூடாது என்பதுதான் அதற்குப் பிறகு என் ஒரே கவலையாக இருந்தது.

அப்புறம்தான் ஒரு பயிற்சி வகுப்பில் இந்தச் சக்கரத்தைக் காட்டினார்கள். பிள்ளைகள் பெயரையெல்லாம் போட்டுவிட்டால் அதுவே ஒருவரை எடுத்துக் கொடுக்கும். எங்கள் அறிவியல் ஆசிரியர் நவ்ஷாத் அதை வகுப்பறைத் திரையில் ஏற்றித் தந்தார். ஒரே வாரத்தில் என் வகுப்பு மாறிவிட்டது. யாரை எழுப்பினாலும் நான் எழுப்பவில்லை, சக்கரம் எழுப்பியது. பிள்ளைகள் என்னை முறைப்பதை விட்டுவிட்டுச் சக்கரத்தைத் திட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? தண்ணீர்க் குடம் யார் தூக்குவது, குடியரசு தினத்தன்று யார் பேசுவது, எல்லாம் சக்கரம்தான். ஆசிரியர் அறையில் தேர்தல் வேலைக்கு யார் போவது என்றுகூட ஒருமுறை சுற்றிப் பார்த்தோம்.

ஒரே ஒரு விதி வைத்திருந்தேன். முதல் வாரமே சூர்யபிரகாஷ் பெயர் அடுத்தடுத்து வந்துவிட்டது. அவன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

"சார், சார், இன்னொரு தடவ சுத்துங்க சார். நேத்துத்தான சார் வந்துச்சு."

"ஏலே, சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாதுலே. நேத்து யாரு வந்தான்னு அதுக்குத் தெரியாது. ஒவ்வொரு சுத்தும் புதுச் சுத்துத்தான். பிடிக்கலேன்னு இன்னொரு தடவ சுத்துனா அதுக்குப் பேரு சக்கரமா? ஒரே சுத்து. எந்திரிச்சு வா."

நிகழ்தகவுப் பாடத்தை இதைவிட நன்றாக நடத்த முடியாது. அதற்குப் பிறகு யாராவது கெஞ்சினால் வகுப்பே சேர்ந்து "ஒரே சுத்து, ஒரே சுத்து" என்று பெஞ்சைத் தட்டும்.

மாரிசெல்விக்காகத்தான் வந்திருக்கிறீர்கள். அவளைப் பற்றிச் சொல்கிறேன். கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம். அப்பா திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போனவர், அப்படியே இருந்துவிட்டார். அம்மா இருளம்மாள் பட்டாசுக் கம்பெனியில் வேலை. வீட்டில் மாலை நேரத்தில் அம்மாவும் பெண்ணும் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுவார்கள், அதனால் இவள் விரல் நுனியில் எப்போதும் பசை காய்ந்து வெள்ளையாக இருக்கும். வகுப்பில் உட்கார்ந்து அதை உரித்துக்கொண்டே இருப்பாள். வருகைப்பதிவு எடுக்கும்போது தவிர அவள் பெயரை நான் சொன்னதே இல்லை. நன்றாகப் படிக்கிறவளும் இல்லை, வம்பு பண்ணுகிறவளும் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளை வாத்தியார்கள் பார்ப்பதில்லை, மேடம். பார்க்கக் கூடாதென்று இல்லை, கண் போவதில்லை.

சக்கரம் முதன்முறை அவள் பெயரில் நின்றபோது அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. எழுந்து வந்து கணக்கைத் தப்பாகப் போட்டாள், பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மறுநாள் மணி அடித்ததும் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"சார், இன்னைக்கும் எம் பேரு அதுல இருக்கா?"

"இருக்கு. எல்லார் பேரும் இருக்கு."

"எல்லாருக்கும் ஒரே அளவு எடமா சார்? பர்ஸ்ட் ரேங்க் எடுக்கிறவளுக்கும் எனக்கும்?"

"ஒரே அளவுதான்."

அவள் திரைக்குப் பக்கத்தில் போய், தன் பெயர் இருந்த துண்டையும் பக்கத்துத் துண்டையும் விரலால் அளந்து பார்த்தாள். சரியாக இருக்கவே தலையை ஆட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க ஆரம்பித்தாள். எந்நேரமும் பெயர் வரலாம் அல்லவா, அதற்காக. வராத நாளில் முகம் வாடிப்போகும். எனக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

இனி தேர்ச்சி விவகாரத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வில் முதலிடம் வாங்கிப் பழகிய மாவட்டம் இது. தொண்ணூற்றெட்டு சதவீதம் என்றால் இங்கே வெளியில் சொல்லக் கூச்சப்படுவார்கள். போன வருடத்துக்கு முந்தின வருடம் எங்கள் பள்ளியில் ஒரே ஒரு பையன் கணக்கில் போய்விட்டான். நூறு போய்விட்டது. ஏப்ரல் மாதம் தலைமையாசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அன்பரசன், மறுபடியும் அந்த மாதிரி ஆச்சுன்னா நிர்வாகத்துக்கு என்னால பதில் சொல்ல முடியாது. பத்தாவதுக்கு ஏறுறதுக்கு முன்னாடியே தேறாததப் பாத்து வெளிய அனுப்பிருங்க. டி.சி.ய அவுகளே கேட்டு வாங்குன மாதிரி இருக்கட்டும். யாரு எவருன்னு நீங்களே முடிவு பண்ணிக்கிருங்க, எனக்குப் பேரு வேண்டாம்."

எனக்குப் பேரு வேண்டாம் என்றார். நல்ல மனிதர். அவருக்கும் கஷ்டமாக இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் நிச்சயமில்லாதவர்கள் நான்கு பேர். சூர்யபிரகாஷ், பானுப்பிரியா, பாண்டிச்செல்வம், மாரிசெல்வி. நான் நிதானமாக யோசித்தேன். மாலை வகுப்பு வைத்து, விடாமல் பிடித்து உட்காரவைத்தால் மூன்று பேரைக் கரை சேர்த்துவிடலாம். நான்கு பேர் என்றால் என் சக்தி பிரிந்துபோய் நான்குமே போய்விடும். அனுபவத்தில் சொல்கிறேன். ஆக, ஒருவரை விட்டால் மூன்று பேருக்கு வாழ்க்கை. நான் ஒரு பிள்ளையை வெளியேற்றினேன் என்றுதான் இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். மூன்று பிள்ளைகளைக் காப்பாற்ற உட்கார்ந்தேன் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நவ்ஷாத்தும் கேட்டார். மதிப்பெண்ணைப் பார்த்தால் நான்கு பேரிலும் கடைசி சூர்யபிரகாஷ். நான்கு பேரிலும் மேலே இருந்தவள் மாரிசெல்வி. ஆனால் ஒரு பரீட்சையை வைத்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை முடிவு செய்வது சரியில்லை என்று எனக்குப் பட்டது. காய்ச்சலில் எழுதியிருக்கலாம், வீட்டில் சண்டையாக இருந்திருக்கலாம். எந்த அளவுகோலை எடுத்தாலும் ஒரு பாரபட்சம் உள்ளே நுழைந்துவிடும். அதனால் யார் பக்கமும் சாயாத ஒன்றிடம் கொடுத்துவிட்டேன்.

பிள்ளைகள் போன பிறகு ஒரு சாயங்காலம் வகுப்பறையில் தனியாக உட்கார்ந்தேன். மற்ற பெயர்களை எடுத்துவிட்டு இந்த நான்கை மட்டும் சக்கரத்தில் விட்டேன். முப்பத்தைந்து பெயர் இருந்தபோது கீற்றாக இருந்த துண்டுகள் நான்கானதும் அகலமாக விரிந்துகொண்டன. எழுத்தும் பெரிதாகிவிட்டது. மாரிசெல்வி பார்த்திருந்தால் தன் பெயர் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டிருப்பாள். சுற்றினேன். கடைசியில் அவள் பெயரில் நின்றது. காகிதம் கொட்டியது, கைதட்டினார்கள். சத்தத்தைக் குறைத்துவைக்க மறந்துவிட்டேன், காலி வகுப்பில் அது ரொம்பப் பெரிதாகக் கேட்டது. கீழே ஒரு பொத்தான் இருக்கும், நீக்கு என்று. அதை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் இருளம்மாள் வந்தார். அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கம்பெனி வேலைக்குப் போடும் பழைய சட்டையைச் சேலைக்கு மேலே போட்டபடியே வந்திருந்தார். மகள் கதவுக்கு வெளியே பையோடு நின்றாள். நான் பேச ஆரம்பித்ததும் அந்த அம்மாள் விறைத்துக்கொண்டார்.

"என்ன சார் இப்பிடிச் சொல்றீக? இந்த ஒரு வருசமாத்தான் சார் அது புத்தகத்தையே தொடுது. குழாய் உருட்டுற எடத்துலயும் கணக்கப் போட்டுக்கிட்டு ஒக்காந்துருக்கு. என் ஆத்தா, இதாச்சும் அந்த மருந்துப் பக்கம் போகாம இருக்கட்டும்னு நான் கெடந்து உருளுறேன். அம்புட்டுப் பேருல எம் பிள்ளைதான் ஒங்களுக்குக் கண்ணுல பட்டுச்சா?"

மருந்து என்றால் இங்கே வெடிமருந்து. அதே கேள்வி, பாருங்கள். சோணைமுத்து கேட்ட அதே கேள்வி. ஆனால் பின்னால் நாலைந்து பேர் இல்லை, குரலும் ஜன்னல் தாண்டிப் போகவில்லை.

"நான் எடுக்கலம்மா. நாலு பேரு பேரப் போட்டுச் சக்கரம் சுத்துனேன். ஒங்க பிள்ள பேரு வந்துருச்சு."

அவருடைய விறைப்பு தளர்ந்துவிட்டது. மகள் வீட்டில் சக்கரத்தைப் பற்றி நிறையச் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. தணிந்த குரலில் கேட்டார்.

"எத்தன தடவ சார் சுத்துனீக?"

"ஒரு தடவதாம்மா."

"எங்க குலசாமி கோயில்ல பூப்போட்டுப் பாப்போம் சார். செவப்பும் வெள்ளையும் எலையில மடிச்சு வச்சு, சின்னப்பிள்ளைய எடுக்கச் சொல்லுவோம். பெரியவ பொன்மணியத் திருத்தங்கலுக்குக் கட்டிக் குடுத்தது அப்பிடித்தான். மனசுக்குப் பிடிக்காத பூ வந்துட்டாலும் ரெண்டாந் தடவ கேக்கக் கூடாது. கேட்டா அது சாமிகிட்டக் கேட்டது ஆகாது, நம்ம ஆசையக் கேட்டதுதான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு தடவதான் சுத்துனீகன்னா சரி சார். அது தலையெழுத்து. எங்கன கையெழுத்துப் போடணும்?"

கையெழுத்துப் போட்டார். சொந்த விருப்பத்தில் டி.சி. கேட்பதாக. போகும்போது மாரிசெல்வி கதவருகில் நின்று என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"சார், நாலு பேருக்கும் ஒரே அளவுதான சார் போட்டீக?"

"ஒரே அளவுதான்" என்றேன். அதில் பொய் இல்லை.

நான் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வேறு பள்ளியில் சேர்ந்திருக்கலாம். ஒன்பதாவதில் டி.சி. வாங்கின பிள்ளையைப் பத்தாவதுக்கு யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், இருந்தாலும் சேர்ந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள ஒன்றும் தடையில்லையே.

தீபாவளி சீசன் சூடு பிடிக்கும் சமயத்தில் ஆமத்தூர் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். கம்பெனி வேனுக்கு நின்றுகொண்டிருந்தாள். ஆர்டர் குவிந்து கிடக்கும் நேரம், ஆள் கிடைத்தால் போதும் என்று எடுப்பார்கள். பதினெட்டு ஆகாதவளை எப்படி எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அக்காவின் ஆதாரைக் காட்டிச் சேர்ந்திருக்கிறாள் என்பது பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், எங்க கம்பெனிலயும் சக்கரம் செஞ்சு வச்சிருக்கேன் சார்."

விவரமாகச் சொன்னாள். அங்கே மருந்து அடைக்கிற அறை என்று ஒன்று தனியாக இருக்கிறது. அதற்குள் போகத்தான் எல்லாருக்கும் பயம். போர்மேன் தனக்குப் பிடிக்காதவர்களையே திரும்பத் திரும்ப அங்கே அனுப்புவாராம். பெண்களுக்குள் தினமும் சண்டை, அழுகை. இவள் ஒரு அட்டைப்பெட்டியை வட்டமாக வெட்டி, எல்லார் பெயரையும் எழுதி, சாப்பிடும் இடத்து மரத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டாளாம். காலையில் வந்ததும் சுற்றுவார்கள். யார் பெயர் வருகிறதோ அவர்கள் அந்த அறைக்கு.

"எல்லாருக்கும் ஒரே அளவா வெட்டிருக்கியா?" என்று கேலியாகக் கேட்டேன்.

"நூலு வச்சு அளந்து வெட்டுனேன் சார். போர்மேன் பேரையும் போடணும்னு சொல்லிப் பாத்தேன், அடிக்க வந்துட்டாரு." வேன் வந்துவிட்டது. ஏறும்போது திரும்பிக் கத்தினாள். "ஒரே சுத்துத்தான் சார்."

எனக்குப் பெருமையாக இருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஆசிரியர் அறையில் போய் நவ்ஷாத்திடம் சொன்னேன், பாருங்கள், என் மாணவி என் முறையை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள் என்று. அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போனார். அன்று ஏன் அப்படிப் போனார் என்று எனக்குப் புரியவில்லை.

வெடிச் சத்தம் கேட்டபோது நான் பத்தாவதுக்கு இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். இங்கே அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகள் எழுந்து ஜன்னலுக்கு ஓடுவதில்லை. புகை எந்தத் திசையில் வருகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்ப்பார்கள், தங்கள் வீட்டு ஆள் வேலை செய்கிற பக்கம் இல்லையென்றால் மூச்சு விடுவார்கள். அன்று யாருக்கும் அந்தப் பக்கம் ஆள் இல்லை. பாடத்தை முடித்தேன். மறுநாள் பேப்பரில் இறந்தவர் பெயர் பொன்மணி என்று வந்திருந்தது. பாவம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினேன். திருத்தங்கலிலிருந்து உயிரோடு இருக்கும் பொன்மணி வந்து, செத்தது என் தங்கச்சி என்று ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுத பிறகுதான் விஷயம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது.

துக்கம் கேட்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் நான்தானே வகுப்பாசிரியர். அங்கே பாண்டிலட்சுமி என்று ஒரு பெண், கூட வேலை பார்க்கிறவர், கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னை யாரென்று தெரிந்ததும் என்னிடம் பேசினார்.

"அன்னைக்கு இது பேருதான் சார் வந்துச்சு. சின்னப்பிள்ள, வெயிலு வேற அந்தக் கொளுத்துக் கொளுத்துது, மருந்து ஆறாமக் கெடக்கு. நாங்க எல்லாருமே சொன்னோம் சார், ஏட்டி நீ போவேணாம், இன்னொரு தடவ சுத்து, வேற ஆளு வரட்டும்னு. நானே போறேன்னுகூடச் சொன்னேன். கேக்கல சார். ரெண்டாந் தடவ சுத்துனா அது சக்கரமே இல்லக்கா, எங்க சார் ஒரே சுத்துத்தான் சுத்துவாருன்னு சொல்லிட்டுச் சிரிச்சுக்கிட்டே உள்ள போச்சு."

யாரோ ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். இருளம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் என்னைத் திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல சார். நீங்க யாரு மொகத்தையும் பாக்காமப் பொதுவாத்தான் செஞ்சீக. அங்கனயும் அது பேருதான் வந்துச்சு, இங்கனயும் அது பேருதான் வந்துச்சு. அது வாங்கி வந்த வரம்."

இவ்வளவுதான் நடந்தது. தலைமையாசிரியர் எழுதியிருப்பதும் இதைத்தான், குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டதால் இதில் எந்த ஆசிரியருக்கும் உள்நோக்கம் கிடையாது என்று. கம்பெனிக்காரர் அக்காவின் ஆதாரைக் காட்டுவார், நாங்கள் அம்மாவின் கையெழுத்தைக் காட்டுவோம். யாருக்கும் ஒன்றும் ஆகாது. மாலை வகுப்புக்கு அந்த மூன்று பேரும் ஒழுங்காக வருகிறார்கள். சூர்யபிரகாஷ்கூடத் தேறிவிடுவான். இந்த வருட ஒன்பதாவதிலும் ஐந்து பேர் இருக்கிறார்கள், தலைமையாசிரியர் நேற்று ஜாடையாகக் கேட்டார். பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

கையெழுத்துக்கு முன்னால் ஒரு சின்னத் திருத்தம் மட்டும் இருக்கிறது. குலுக்கல் என்று எழுதியிருக்கும் இடத்தில் ஒரு முறை என்று இருக்கிறது. அது ஒரு முறை இல்லை.

முதல் சுற்றில் சூர்யபிரகாஷ் வந்தான். கலர்க் காகிதம் கொட்டும்போதே எனக்கு மைதானத்தில் நின்ற அந்த நாலைந்து பேர் ஞாபகம் வந்துவிட்டது. சக்கரம் என்றெல்லாம் சொன்னால் சோணைமுத்து கேட்கிற ஆள் இல்லை. இன்னொரு முறை சுற்றினேன். பானுப்பிரியா. அவள் அம்மா நம் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர், தினமும் மத்தியானம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இன்னொரு முறை. மறுபடியும் சூர்யபிரகாஷ். சொன்னேனே, சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. அடுத்தது பாண்டிச்செல்வம், இந்த அறையில் ஓடுகிற மின்விசிறி அவன் பெரியப்பா வாங்கிக் கொடுத்தது. நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சுற்றச் சுற்ற வராத பெயராக அவள் பெயர் மட்டும் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. கேட்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளை அவள் ஒருத்திதான்.

நேராக அவள் பெயரை எழுதிக் கொடுத்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் அது அநியாயம், மேடம். நான் அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு பேருக்கும் ஒரே அளவு இடம் இருந்தது, நீங்கள் வேண்டுமானால் நூல் வைத்து அளந்து பார்க்கலாம். அவள் பெயர் வரும்வரை சுற்றினேன், வந்ததும் நிறுத்திக்கொண்டேன். யாரையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.